கயிறு ஆறும் நேரம்

மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்தபோது சலோமியின் வலது தோள் மரத்துப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து ஆட்கள் போய்வரும் சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, சும்மா இருக்கும்போதுகூடக் கை நெம்புகோலைத் தேடியது. கடைசி நடையில் தங்கல் ஆட்களை அடிமட்டத்தில் இறக்கிவிட்டு, காலிக் கூண்டை அங்கிருந்த இரும்புத் தாங்கிகளின்மேல் மெதுவாக உட்காரவைத்தாள். கயிறு லேசாகத் தொய்ந்தது. பிரேக்கை இறுக்கிச் சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கைப் போட்டாள். பிறகு கீழே பேசும் போனை எடுத்துத் தினமும் சொல்வதைச் சொன்னாள்.

"கயிறு ஆறுது. எட்டு மணி நேரம்."

கீழேயிருந்து அவளுடைய அண்ணன் ஏசுரத்தினத்தின் குரல் வந்தது. "சரிம்மா. ஆறட்டும்."

நாகமடுவுத் தங்கச் சுரங்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீஸ் காகிதத்தில் அதற்கு ஓய்வு நேரம் என்று பெயர். ஆட்களுக்கு அது புண் ஆறுவது மாதிரி.

சுரங்கம் நாலு கிலோமீட்டர் ஆழம். அவ்வளவு ஆழத்துக்குச் சாதாரண எஃகுக் கயிற்றைத் தொங்கவிட்டால் அதன் பலத்தில் பெரும்பங்கு தன்னையே தாங்கிக்கொள்ளச் செலவாகிவிடும். ஆளையும் கல்லையும் தூக்க மிச்சம் இருக்காது. அதனால்தான் இந்தப் புதுக் கயிறு வந்தது. இதன் ஒவ்வொரு கம்பிக்குள்ளும் பிசின் மாதிரி ஒன்று ஓடுகிறது. பாரம் இழுத்து இழுத்துக் கம்பியில் விரிசல் விட்டால், அந்தப் பிசின் கசிந்து விரிசலை ஒட்டவைக்கும். ஆனால் கயிறு அசையாமல் இருந்தால்தான் ஒட்டும். பாதி ஒட்டும்போது இழுத்தால் முன்னைவிட மோசமாகக் கிழியும்.

இந்த வகையில் முதலில் வந்த கயிற்றுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. தங்கத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இரவு பகலாக ஓட்டினார்கள். ஒரு நாள் காலை அது அறுந்தது. கூண்டில் இருந்த பதினோரு பேரில் ஒருவரையும் முழுசாக எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் எட்டு மணி நேரச் சட்டம். யூனியன் செக்ரட்டரியாக இருந்து அதைப் போராடி வாங்கியவன் ஏசுரத்தினம். ஆறும் நேரத்தில் யாருக்காகவும் கயிற்றை எழுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

கீழே தண்ணீர் ஊறிக்கொண்டே இருப்பதால் பம்பை நிறுத்த முடியாது. அதற்காக நாற்பது பேர் அந்த எட்டு மணி நேரமும் கீழேயே கிடக்க வேண்டும். அவர்கள்தான் தங்கல் ஆட்கள். வெக்கையில் சட்டையைக் கழற்றிப்போட்டு, பெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "கயித்துக்கு ஓய்வு குடுத்தாங்க, நமக்கு எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஏறி இறங்கத் தோண்டிய இன்னொரு ஷாப்ட் பாதி ஆழத்தோடு நின்றுபோனது. சிவப்பு விளக்கு அணையும்வரை அவர்களுக்கு மேலே வர வேறு வழி கிடையாது.

விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் பவுனம்மா டீ கொண்டுவந்தாள். சுரங்கக் கேன்டீனில் வேலை. கூண்டை ஓட்டும் வைண்டர் ரூமுக்கு டீ அனுப்ப வேறு ஆட்கள் இருந்தார்கள்; ஆனாலும் ஒரு வருஷமாக அவளே எடுத்துவருகிறாள். அவள் எதிரில் அந்த டீயைச் சலோமி குடித்ததே இல்லை.

போன ஆடி மாசம் பவுனம்மாவின் புருஷன் ரங்கநாதம் தங்கலில் இருந்தபோது அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. கயிறு ஆறிக்கொண்டிருந்தது. சேதி கேட்டுப் பவுனம்மா கையில் ஒட்டிய கோதுமை மாவோடு இந்த ரூமுக்கு ஓடிவந்தாள். "எழுப்பும்மா, ஒரே ஒரு வாட்டி எழுப்பும்மா" என்று சலோமியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். சலோமி அந்த மாவுக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு சொன்னாள்: "கயிறு தாங்காதுக்கா. எழுப்பினா அவரும் வந்து சேர மாட்டாரு, நாளைக்கு ஏறி வர்றவங்களும் சேர மாட்டாங்க."

சிவப்பு விளக்கு அணைவதற்கு முன்பே ரங்கநாதம் போய்விட்டான்.

பவுனம்மா யாரையும் குறை சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் சலோமியைப் பார்த்து முணுமுணுத்தபோது, "அவ இன்னா பண்ணுவா, கயிறு தாங்காது" என்று அவளே அவர்களை அடக்கினாள்.

இன்றைக்கும் பவுனம்மா கிளாஸை வைத்துவிட்டு, "காரமா இருந்தா சொல்லு. இஞ்சி கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்" என்று சொல்லிப் போனாள். சலோமி டீயைக் குடித்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணை மூடினாள். ஆறும் நேரத்தில் வைண்டர் டிரைவருக்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் இடத்தைவிட்டு நகரவும் கூடாது.

போன் மணி அடித்தபோது மூன்றரை மணி நேரம் கடந்திருந்தது.

"சலோமி," என்றான் ஏசுரத்தினம். மூச்சு வாங்கியது. "பம்பு பக்கத்துல கல்லு பேந்து உழுந்துருச்சு. ஒருத்தருக்குத் தொடையில பெரிய அடி. ரத்தம் நிக்கல. கட்டு மேல கட்டாப் போட்டுகினு இருக்கோம்."

"யாரு?"

"நம்ம ஆளு இல்ல. கயிறு பண்ற கம்பெனியிலேர்ந்து இன்னிக்குக் காலையில வந்தாரே, சிபின்னு. கயித்தோட அடிமுனையைப் பாக்கணும்னு தங்கல்ல இருந்துட்டாரு. டாக்டரம்மாவைக் கூப்பிடு."

டாக்டர் மெஹருன்னிசா சுரங்க ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே ஓடிவந்தார். போனில் கீழே இருந்த முதலுதவிக்காரனிடம் நாலைந்து கேள்விகள் கேட்டார். பிறகு போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சலோமியிடம் சொன்னார்: "பெரிய ரத்தக்குழாய் போல இருக்கு. ஒரு மணி நேரம் தாங்குவார். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

விளக்கு அணைய இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

சலோமி மேனேஜர் வாசுதேவ ராவுக்குப் போன் போட்டாள். அவர் பெங்களூரில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சலோமி, சட்டம் என்னன்னு உங்களுக்கே தெரியும். சாவியும் உங்க கையிலதான் இருக்கு. நான் எழுப்புன்னும் சொல்லலை. எழுப்பாதேன்னும் சொல்லலை. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது காலிக் கிளாஸை எடுக்க வந்த பவுனம்மா வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"யாரும்மா அது?"

"கம்பெனி ஆளுக்கா."

"சின்ன வயசா?"

"முப்பது இருக்கும்னு சொல்றாங்க."

பவுனம்மா தலையாட்டினாள். "நான் போயிடட்டா, இருக்கட்டா?"

போய்விடு என்று சொல்லத்தான் சலோமிக்குத் தோன்றியது. ஆனால், "இருக்கா" என்றாள். பவுனம்மா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை வேறு குரல், மெலிந்து, நடுங்கி.

"மேடம், நான் சிபி பேசறனுங்க. கயித்தை நிறுத்தி எத்தனை நேரமாச்சுங்க?"

"மூணரை மணி நேரம் தாண்டிடுச்சு."

"அப்ப ஆறிருச்சுங்க. தூக்குங்க."

"எட்டு மணி நேரம் ஆவணும் சார்."

"இல்லைங்க மேடம். மூணு போதும்னுதான் நாங்க எழுதிக் கொடுத்தது. எங்க லேப்ல அறுநூறு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் மூணுன்னு போட்டோம். இங்க எட்டு வச்சிருக்கீங்கன்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும். மேல வந்து பேசிக்கலாம்னு இருந்தனுங்க." மூச்சை இழுத்துக்கொண்டான். "எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க மேடம்."

சலோமி பதில் சொல்வதற்குள் ஏசுரத்தினம் போனை வாங்கிவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான்.

"கேக்காதம்மா. உசுரு பயத்துல பேசறாரு. ரங்கநாதம் அன்னிக்கு இன்னா சொன்னான்? 'ஒண்ணும் ஆவாது, தூக்குங்க'ன்னுதானே சொன்னான்?"

"ரங்கநாதத்துக்குக் கயித்தைப் பத்தித் தெரியாதுண்ணா. இவரு கயிறு பண்றவரு."

"லேப்புல பண்றவரு. அங்க தண்ணி உண்டா, வெக்கை உண்டா? பதினோரு பேரை மூட்டையில கட்டி எடுத்தோமே, அந்தக் கயித்தையும் லேப்புல பாத்துதான் அனுப்பினாங்க."

அது உண்மைதான். சலோமி ரூமின் நடுவில் நின்ற பெரிய டிரம்மைப் பார்த்தாள். ரெண்டு மாடி உயரம். அதில் சுற்றியது போக மிச்சக் கயிறு தரையில் இருந்த ஓட்டை வழியே இருட்டுக்குள் போனது. அதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கயிற்றின் பலத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. கயிற்றைச் சுற்றி ஒரு காந்த வளையம், சுவரில் ஒரு முள். ஆனால் கயிறு வளையத்துக்குள் ஓடினால்தான் முள் அசையும். நிற்கிற கயிற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. எட்டு மணி நேரம் முடிந்து கூண்டு கிளம்பும்போது முள் எப்போதும் பச்சைக் கோட்டின் உச்சியில்தான் நிற்கும். நடுவில் எழுப்பினால் எங்கே நிற்கும் என்று யாரும் பார்த்ததில்லை. நடுவில் யாரும் எழுப்பியதே இல்லை.

"அண்ணா," என்றாள். "தூக்கினா அவரைப் பிடிச்சுக்க யாராச்சும் கூட வரணும். யாரு வருவீங்க?"

போனில் பம்பின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"உனக்கு நம்பிக்கை இருக்கா?" என்று கேட்டான் ஏசுரத்தினம்.

"இல்ல."

"எனக்கும் இல்ல. ஆனா கையைப் புடிச்சுகினு இருக்கேன், சில்லுனு ஆயிகினே போவுது." பிறகு சொன்னான், "நான் வர்றேன். சட்டம் வாங்கினவன் நான். அதை மீறி இன்னொருத்தனை ஏத்த முடியாது. வேற யாரும் கூண்டு பக்கம் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

சலோமி பவுனம்மாவைப் பார்த்தாள். பவுனம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலோமி கழுத்திலிருந்து சாவியை எடுத்துப் பிரேக்கைத் திறந்தாள்.

டிரம் முக்கால் சுற்று சுற்றியபின்தான் கயிறு இறுகியது. கீழே கூண்டு தாங்கியிலிருந்து எழுந்ததை அவள் கை உணர்ந்தது. நெம்புகோலை வழக்கத்தில் கால்வாசிக்கு மேல் தள்ளவில்லை. ஆள் நடந்தால் வரும் வேகத்தைவிடச் சற்றுத்தான் கூட. அவள் கண் முள்ளின்மேல் இருந்தது.

முள் நடுங்கியது. ஏறியது. பச்சைக் கோட்டின் உச்சியில் போய் நின்றது.

இப்போது இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. அண்ணன் பிழைத்துவிடுவான், அந்தப் பையனும் பிழைத்துவிடுவான். டாக்டர், "நல்லாத்தானே வருது?" என்று கேட்டார். தலையாட்டினாள். கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கிலோமீட்டர் வந்திருக்கும். முள் அங்கேயே நின்றது. அப்போதுதான் அந்த நினைப்பு அவளுக்குள் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

அன்றைக்கு ரங்கநாதத்துக்கு வலி வந்தபோது விளக்குப் போட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

கயிறு அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். கோதுமை மாவுக் கைகளைப் பற்றிக்கொண்டு அவள் நின்ற அந்த நேரத்தில், இந்தக் கயிறு முழுசாக ஆறி, ஒரு குறையும் இல்லாமல், சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடிவரும் கயிற்றில் எங்கேயாவது ஒரு இடத்தில் முள் கொஞ்சம் சரியாதா என்று அவள் மனசு ஏங்கியது. ஒரே ஒரு இடம் போதும். பார், ஆறவில்லை, தாங்கியிருக்காது என்று சொல்ல ஒரு சின்னச் சரிவு. கூண்டில் கூடப்பிறந்தவன் தொங்கிக்கொண்டு வருகிறான்; அவள் கயிற்றில் குறை தேடுகிறாள். அது புரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முள் கடைசிவரை சரியவே இல்லை.

கூண்டுக் கதவு திறந்தது. ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். டாக்டர் பின்னாலேயே போனார். ஏசுரத்தினம் மார்பெல்லாம் அடுத்தவன் ரத்தத்தோடு வைண்டர் ரூமுக்கு வந்து சுவரிலிருந்த முள்ளைப் பார்த்தான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான். பெஞ்சில் இருந்த பவுனம்மாவை மட்டும் அவன் பார்க்கவில்லை.

"நல்லபடியா வந்துருச்சா?" என்று பவுனம்மா கேட்டாள். அவளுக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது.

"வந்துருச்சுக்கா."

"நல்லதாப் போச்சு." கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சிபி பிழைத்துக்கொண்டான். கால் கொஞ்சம் விந்தும் என்றார்கள். ரெண்டு நாள் கழித்து அண்ணனும் தங்கையும் அவனைப் பார்க்கப் போனார்கள். படுக்கையில் சாய்ந்தபடியே அவன் தன் கம்பெனி கொடுத்த கடிதத்தின் நகலைப் போனில் காட்டினான். மூன்று என்றுதான் இருந்தது.

திரும்பும்போது ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஏசுரத்தினம் நின்றுவிட்டான்.

"மூணுன்னு கம்பெனி குடுத்திருக்கு. பதினோரு பேர் செத்ததுல இன்ஸ்பெக்டர் பயந்துபோயி அஞ்சு ஆக்கியிருக்காரு. இன்ஷூரன்ஸ்காரன் ஆறு ஆக்கினாதான் கையெழுத்துன்னானாம். ஆறுன்னு எங்ககிட்ட வந்தப்ப, பத்தாது, எட்டு வேணும்னு சுரங்கக் கேட்டுக்கு முன்னாடி பத்து நாள் உக்காந்தவன் நான். எட்டு வாங்கினதுக்கு எனக்கு மாலை போட்டாங்க."

"யாரும் கெட்டது நினைக்கலையேண்ணா."

"அதான்," என்றான் அவன். "கெட்டது நினைச்ச ஒருத்தன் இருந்தா சட்டையைப் புடிச்சிருக்கலாம்."

அவன் வயது அன்றைக்கு ஏறிவிட்ட மாதிரி சலோமிக்குத் தோன்றியது. தோளைப் பிடித்து அழைத்துவந்தாள்.

பவுனம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஏசுரத்தினம் சொன்னான். "தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது? போனவன் போயிட்டான்." ஆனால் சுரங்கத்தில் பேச்சு பரவ ஆரம்பித்திருந்தது. யாரோ குழாயடியில் சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று சலோமி நினைத்தாள். மறுநாள் கேன்டீனின் பின்கட்டுக்குப் போனாள். பவுனம்மா பெரிய அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சலோமி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மணி நேரம் போதும் என்பதை, முள் சரியாததை, அன்றைக்கு நாலு மணி நேரம் ஆகியிருந்ததை.

பவுனம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அண்டாவின் ஒரு பக்கம் பளபளத்த பிறகுதான் பேசினாள்.

"கயிறு தாங்காதுன்னு சொன்னியே சலோமி. அதைத்தான் நான் வச்சுகினு இருந்தேன். ராத்திரி தூக்கம் வரலைன்னா அதைத்தான் சொல்லிப்பேன். கயிறு தாங்காது, யார் இன்னா பண்ணியிருக்க முடியும்னு." அண்டாவைத் திருப்பினாள். "இப்ப நான் இன்னா சொல்லிக்கிறது?"

"மன்னிச்சுடுக்கா" என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இவள் மன்னித்துத்தான் ஆக வேண்டும். அந்த வேலையையும் இவள் தலையில் வைக்க வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டாள். வாளியில் தண்ணீர் மொண்டு அண்டாவின்மேல் ஊற்றினாள். இருவருமாகக் கழுவி முடித்தார்கள். மறுநாள் டீயை வேறு ஒரு பெண் கொண்டுவந்தாள்.

மாசம் பிறந்ததும் கமிட்டி கூடியது. ஜன்னலோரம் ஏசி ஓடும் அறை, நீள மேசை, தட்டில் பிஸ்கட். சுரங்க இன்ஸ்பெக்டர், மேனேஜர் வாசுதேவ ராவ், ஊன்றுகோலோடு சிபி, யூனியன் பக்கம் ஏசுரத்தினம். கயிற்றை எழுப்பியவள் என்பதால் சலோமியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அப்போ மூணு மணி நேரம்," என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர். "நிரூபணமே ஆயிடுச்சே."

"ஆமாங்க," என்றான் சிபி. பிறகு ஊன்றுகோலை நகர்த்திவைத்தான். "இங்க ஒரு தடவைதான் பாத்திருக்கோம். கயிறு பழசாக ஆகக் கொஞ்சம் கூட எடுக்கலாமுங்க. மூணரைன்னு வச்சுட்டா நிம்மதி."

"அப்படின்னா நாலாவே போடலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "கையெழுத்துப் போடறவன் நான்."

"இன்ஷூரன்ஸ்ல நாலுக்கு ஒத்துக்க மாட்டாங்க," என்றார் வாசுதேவ ராவ். "அஞ்சு கேப்பாங்க."

எல்லாரும் ஏசுரத்தினத்தைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்திருந்தான். வாயைத் திறந்தான். சலோமிக்கு அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. அவளுக்கே அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. ஐந்து என்றால் அரைமணி கூட வைக்கலாமே. தப்பில்லையே.

"பவுனம்மா அக்காவைக் கேளுங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டருக்கு யார் அது என்று வாசுதேவ ராவ் காதோடு சொன்னார். கேன்டீனுக்கு ஆள் போனது. பவுனம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் விஷயத்துல நடந்தது எங்களுக்குத் தெரியும்மா," என்று முடித்தார். "அதனால உங்களுக்கு இதுல சொல்ல உரிமை இருக்கு. எத்தனை மணி நேரம் வைக்கலாம்?"

மூன்று என்பாள் என்று சலோமி நினைத்தாள். அதற்கும் கீழே ஒரு எண்ணைச் சொன்னாலும் யாரும் மறுக்கத் துணிய மாட்டார்கள்.

"எட்டாவே இருக்கட்டும் சார்," என்றாள் பவுனம்மா.

"எட்டா? மூணே போதும்னு..."

"போதும்னு இப்ப சொல்றீங்க. எட்டு வேணும்னு அன்னிக்குச் சொன்னதும் நீங்கதானே? எதை நான் நம்பறது?" குரல் உயரவில்லை. "அவரு வேலையை என் பையன் ஜெயசீலனுக்குக் குடுத்துட்டாங்க சார். இந்த வாரம்தான் இறங்கியிருக்கான். தினமும் அந்தக் கயித்துலதான் தொங்கிகினு வர்றான். வேணாம்டான்னு சொன்னேன், கேக்கல." முந்தானையை இடுப்பில் செருகினாள். "எட்டே இருக்கட்டும். நல்லா ஆறட்டும்."

போகத் திரும்பியவள் நின்று, மேசையில் வேறு யாரையும் பார்க்காமல், சலோமியிடம் மட்டும் சொன்னாள்.

"ஆனா யாராச்சும் ஓடி வந்து எழுப்பச் சொன்னா எழுப்பிடும்மா."

இன்ஸ்பெக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். எட்டு மணி நேரம். உயிருக்கு ஆபத்து என்றால் எழுப்பலாம். ஆபத்துதானா என்பதை வைண்டர் டிரைவர் முடிவு செய்ய வேண்டும். சலோமி கையெழுத்துப் போட்டாள்.

அதிலிருந்து ஆறும் நேரத்தில் அவளால் கண்ணை மூட முடியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவனுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஒருவனுக்குத் தலை சுற்றுகிறது, வெக்கையாலா வேறு ஏதாவதா தெரியவில்லை. ஒருவனுக்கு நெஞ்சு எரிகிறது, மத்தியானம் மிளகாய் பஜ்ஜி தின்றானாம். டாக்டர் மெஹருன்னிசா சொல்லிக்கொடுத்த கேள்விகளை அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். வேர்த்திருக்கிறதா? இடது கைக்கு வலி இறங்குகிறதா? உதடு எப்படி இருக்கிறது? கயிற்றின் அதிர்வை மட்டும் கேட்டுப் பழகியவள் இப்போது மூச்சுகளைக் கேட்டாள். பதில் சொல்லிப் போனை வைத்த பிறகும், சரியாகச் சொன்னோமா என்று கிளாஸில் இருந்த டீ ஆறிப்போகும்வரை யோசித்தாள். ஏசுரத்தினம், "வேற எடத்துக்கு மாத்தல் கேட்டுக்கோம்மா, நான் பேசறேன்" என்றான். "மாத்தினா அந்த நாற்காலியில வேற ஒருத்தி உக்காரணும்" என்றாள்.

ஒரு சாயங்காலம் போன் அடித்தது. பட்டென்று எடுத்தாள்.

"அத்தை, நான் ஜெயசீலன்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இன்னாச்சுப்பா? இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை அத்தை. நல்லா இருக்கேன்." பையன் தயங்கினான். பின்னால் பம்பு இரைந்தது. "சும்மாதான். நீங்க எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

சலோமி மெல்ல உட்கார்ந்தாள்.

"எடுக்கறேன்ப்பா," என்றாள்.